இரண்டாம் பஸ் வரும் வரை

என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் ஜோதி வாரம் ஒரு முறையாவது போன் செய்துவிடுவாள். புட்டியின் மூடி இறுகிக்கொண்டு கழன்று வரவில்லை, சிவப்பு லிட்மஸை எங்கே வைத்தீர்கள், வடிதாள் எல்லாம் நமுத்துப் போய்விட்டது என்று ஏதாவது ஒன்று இருக்கும். போன வாரம் அவள் கேட்டது வேறு.

"அக்கா, இதை உங்ககிட்ட கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க. என்ற பையன் இந்த வருசம் எட்டாவது. சயின்ஸ் கிளாஸ் ரொம்ப மெதுவாப் போகுதாமுங்க. புஸ்தகத்தை அவனே படிச்சு முடிச்சுட்டான். கிளாஸ்ல சும்மா உக்காந்திருக்கறதுக்கு எதுக்குப் போவோணும்னு கேக்கறான். உங்க தாரணியும் இப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னாங்க. நீங்க என்னங்க்கா பண்ணுனீங்க?"

நான் ஒன்றும் பண்ணவில்லை, தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தேன். அது பாதிதான் உண்மை. மீதியைப் போனில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் ஜோதிக்கும், அவளைப் போல் இருக்கும் மற்றவர்களுக்கும் எழுதியே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

குன்னூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் ஆய்வக உதவியாளராக இருந்தேன். மூச்சுத் தொந்தரவால் போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், கண்ணாடி கழுவக் கற்றுக்கொண்டேன் என்பேன். கழுவிய சோதனைக் குழாயின் உட்புறம் தண்ணீர் ஒரே படலமாக வழிய வேண்டும். துளித்துளியாக நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். மற்றதையெல்லாம் இந்த ஊர்க் குளிர் கற்றுக்கொடுத்தது. கோயமுத்தூர்ப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியாத தொல்லைகள் எங்களுக்கு உண்டு. பனிக்காலத்தில் அசிட்டிக் அமிலம் புட்டிக்குள்ளேயே கட்டியாக உறைந்து நிற்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் அந்தப் புட்டியை நிற்க வைத்து உருக்கிய பிறகுதான் செய்முறை வகுப்பு தொடங்கும். சோடியம் ஹைட்ராக்சைடை எடுத்து நிறுப்பதற்குள் அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் கசிய ஆரம்பித்துவிடும். தீப்பெட்டியை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைப்பேன்.

தெர்மாமீட்டர்களுக்கென்று ஒரு நீளப் பெட்டி இருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனிப் பஞ்சுப் படுக்கையில் கிடக்கும். சாயங்காலம் துடைத்து, அடுக்கி, மூடிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். கண்ணாடிப் பொருள் எதுவும் ஆய்வகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அது போஜன் சார் போட்ட சட்டம்.

போஜன் சார்தான் ஆய்வகத்துக்குப் பொறுப்பு. எட்டாவது முதல் பத்தாவது வரை அறிவியலும் அவர்தான். கேத்தியில் அவர்களுக்குக் கேரட் தோட்டம் இருந்தது. விடிந்ததும் தோட்டத்தில் ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார். ஷூவின் ஓரத்தில் எப்போதும் செம்மண் ஒட்டியிருக்கும். கழுத்தில் மப்ளர், பின்னால் கட்டிய கை. பிள்ளைகள் உட்பட எல்லோரையும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார், பதில் வரும் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே நிற்பார். யார் எந்தத் தப்புச் செய்தாலும் அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "இன்னொரு தடவை பாருங்க." ஒருமுறை அவர் கையிலிருந்தே ஒரு குடுவை விழுந்து உடைந்தது. அப்போதும் அதையேதான் சொன்னார், தனக்குத்தானே.

அவர் வகுப்பு மெதுவாகப் போனது என்பது உண்மை. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று அவருடைய முறை. பாடத்தில் எந்த அளவீடு வந்தாலும் வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும். தெர்மாமீட்டரின் குமிழ் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. பாதரசத்தின் நுனிக்கு நேராகக் கண் வர வேண்டும். குட்டையான பிள்ளை முக்காலி மேல் ஏறும், நெட்டையான பிள்ளை குனியும். பார்த்த எண்ணை வாயால் சொல்லக் கூடாது, அடுத்த பிள்ளை காதில் விழுந்தால் அது பார்க்காமலேயே அதைச் சொல்லிவிடும். ஆகவே ஸ்டாண்டில் நிற்கும் கரும்பலகைக்குப் பின்பக்கம் போய் எண்ணை எழுதிவிட்டு வர வேண்டும். எழுதி முடித்ததும் அடுத்த பிள்ளை வருவதற்குள் சார் அதன் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுவார். கடைசிப் பிள்ளையும் எழுதிய பிறகு காகிதங்களை எடுத்துவிட்டுப் பலகையைத் திருப்புவார்.

இரண்டாவது காரணம் பஸ். மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அறை இருட்டிவிடும், கண்ணாடியில் கோடு தெரியாது. அதனால் அறிவியல் எப்போதும் முதல் பீரியட். உள்ளூர்ப் பிள்ளைகள் முதல் பஸ்ஸிலோ நடந்தோ வந்துவிடுவார்கள். எஸ்டேட் பிள்ளைகள் வருவது இரண்டாம் பஸ்ஸில். அது ஒருநாளும் மணி அடிப்பதற்கு முன் வந்ததில்லை. வகுப்பு பாதி தாண்டியிருக்கும்போது ஈரச் செருப்போடு திமுதிமுவென்று உள்ளே வருவார்கள். போஜன் சார் சாக்பீஸைக் கீழே வைப்பார். அவர்கள் உட்காரும் வரை காத்திருந்து, முதல் வரியிலிருந்து பாடத்தை மறுபடி ஆரம்பிப்பார். சுருக்கமாக அல்ல, முழுசாக. முதலில் சொன்ன அதே சிரிப்புக் கதையைக்கூட விடமாட்டார்.

எட்டாம் வகுப்பு அறைக்கும் என் ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். எல்லாப் பாடத்தையும் எல்லா வருடமும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேதான் நான் கண்ணாடி கழுவினேன்.

என் மகள் தாரணி எட்டாவது வந்த வருடம் அந்தத் தடுப்பு எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. அவள் என்னோடுதான் பள்ளிக்கு வருவாள், ஆகவே முதல் பஸ் பிள்ளை. படிப்பில் அவளுக்கு ஒரு பசி. எட்டாவது புத்தகத்தை மழைக்காலத்துக்கு முன்பே முடித்துவிட்டு, ஒன்பதாவது புத்தகத்தை யாரிடமோ வாங்கி அதையும் பாதி தாண்டியிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பையை வீசுவாள்.

"அம்மா, இன்னைக்கும் ரெண்டு தடவைம்மா. அந்தச் சார் அடுத்து என்ன சொல்லுவார்னு எனக்கு மனப்பாடமாயிருச்சு. எங்க இருமுவார்னுகூடத் தெரியும்."

"பெரியவங்களை அப்படிப் பேசாத சாமி."

"பேசலைம்மா. உக்காந்திருக்கறேன். அதான் என்ற வேலை. உக்காந்திருக்கறது."

தேயிலைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்திருந்த என் கணவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார், "சம்பளம் தராங்களா கண்ணு அதுக்கு?" அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. வகுப்பு மெதுவாகப் போவது எனக்குப் பெரிதில்லை. இப்படியே போனால் இவள் படிப்பையே வெறுத்துவிடுவாளோ என்பதுதான் என் பயம். கோயமுத்தூரில் என் தம்பி ஒரு ஹாஸ்டல் பள்ளியை விசாரித்து வைத்திருந்தான். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சேர்த்துக்கொள்கிறோம் என்றிருந்தார்கள். அவளைப் பிரிந்து இருக்க வேண்டுமே என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட நாட்களில் கொதிநிலைப் பாடம் வந்தது. போஜன் சாருக்கு மிகவும் பிடித்த பாடம் அது. புத்தகத்தில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று இருக்கும். எங்கள் பள்ளியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதும் பாதரசம் தொண்ணூற்று நாலைத் தாண்டாது. எல்லோரும் தொண்ணூற்று நாலு என்று எழுதியிருப்பதைத் திருப்பிக் காட்டிவிட்டு அவர் கேட்பார், "தெர்மாமீட்டர் தப்பா? புஸ்தகம் தப்பா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பதில் சொல்ல மாட்டார். அடுத்த நாள் வேறு தெர்மாமீட்டர், அதற்கடுத்த நாள் வேறு பாத்திரம், பிறகு பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் ஊற்றுத் தண்ணீர். மைதானத்தில், பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில் அதே சண்டை நடக்கும். யாராவது ஒரு பிள்ளை தானாக மலையைப் பற்றிப் பேசும் வரைக்கும் அவர் விட்டுவிடுவார்.

அந்த வருடம் முதல் நாளே, முதல் பஸ் பிள்ளைகளிடம் அவர் கேள்வியைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிய உடனே தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குத் தாரணியின் குரல் கேட்டது.

"ரெண்டும் தப்பில்ல சார். நாம மலை மேல இருக்கறோம். இங்க காத்தோட அழுத்தம் கம்மி, அதனால சீக்கிரம் கொதிச்சுரும். ஒன்பதாவது புஸ்தகத்துல இருக்குது."

எனக்கு ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டாம் பஸ் வந்தது. சார் மறுபடி ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார். ஆனால் உட்காரும்போதே முன் பெஞ்சில் யாரோ அவர்களிடம் விடையைக் கிசுகிசுத்துவிட்டார்கள். பலகையைத் திருப்பினால் எல்லாம் தொண்ணூற்று நாலு. பீரியட் முடிந்து கை கழுவ வந்த சார் என்னிடம், "யாரும் கிட்டக் குனிஞ்சுகூடப் பார்க்கலைங்க" என்று மட்டும் சொன்னார்.

இடைவேளையில் ஆய்வகத்துக்கு வெளியே இருந்த குழாயடியில் ஜெயந்தி தாரணியைப் பிடித்துக்கொண்டாள். ஜெயந்தி எஸ்டேட் பிள்ளை, தாரணி வகுப்புதான். அவள் தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கழுவிக்கொண்டிருந்த எனக்கு ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"உனக்கு என்னாடி அவ்வளவு அவசரம்? நாங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் தின்னுட்டு, விடையை மட்டும் மிச்சச் சோறு மாதிரி எங்களுக்கு வச்சிட்டுப் போற."

"நேரத்துக்கு வாங்க. யாரு வேண்டாம்னா?"

"நீ வந்து எங்க தம்பியைத் தூக்கிக்கிட்டுக் கிரச்சு வாசல்ல நில்லு. பெரட்டுல எல்லாருக்கும் வேலை பிரிச்சுக் குடுத்து முடிச்சாத்தான் ஆயா வந்து கிரச்சைத் திறக்கும். அம்மா அதுக்குள்ள கொழுந்து பறிக்கப் போயிரும். அவன் அழுகைய நிறுத்தி உள்ள விட்டுட்டு ஓடியாந்தா, எங்களுக்காகத்தான் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி வச்சிருப்பாரு. நாலு பேரு வீட்டுல இதே கதை. தெரியுமா உனக்கு?"

தாரணிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இத்தனை வருடம் இரண்டாம் பஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அது ஏன் தாமதமாக வருகிறது என்று யோசித்ததில்லை.

அன்று சாயங்காலம் போஜன் சார் தாரணியை ஆய்வகத்துக்கு அழைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்னது சரிதான். ஆனா நீங்க அதைப் பார்த்தீங்களா?"

"புஸ்தகத்துல போட்டிருக்குது சார்."

"புஸ்தகம் எழுதினவங்க பார்த்திருப்பாங்க. நீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அதற்குப் பிறகு தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மகளின் குரல் வரவில்லை. சார் வேறு தெர்மாமீட்டர் வைத்தார், வேறு பாத்திரம் வைத்தார். வகுப்பில் யாருக்கும் ஆர்வம் இல்லை, விடைதான் எல்லோருக்கும் தெரியுமே. வீட்டிலும் அவள் பையை வீசவில்லை, புகார் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். முன்பு அவள் புலம்பியபோது பயந்தேன். இந்த மௌனத்தைப் பார்த்துத்தான் உண்மையிலேயே கலங்கினேன். ஒரு ராத்திரி தம்பிக்குப் போன் செய்து, சீட்டை உறுதி செய்துவிடு என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ, சரியாக நினைவில்லை, காலையிலிருந்தே அடைமழை. மூன்றாவது பீரியடுக்குப் பிளஸ் டூ பிள்ளைகளுக்காகத் தெர்மாமீட்டர் பெட்டியைத் திறந்தேன். ஒரு பஞ்சுப் படுக்கை காலியாக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது போஜன் சார் உள்ளே வந்தார்.

"தாரணிக்கு உடம்பு சரியில்லைங்களா? ரெண்டாம் பஸ் பிள்ளைங்க உள்ள வரும்போது வெளிய போனாங்க. உங்ககிட்ட வந்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

நான் அவளை வகுப்பில் இருப்பதாக நினைத்தேன். அவர் அவளை என்னிடம் இருப்பதாக நினைத்தார்.

கழிப்பறை, நூலகம், மைதானத்துக்குப் பின்னால் தேயிலைப் புதர் ஓரம், எல்லா இடத்திலும் பார்த்தோம். அந்தப் புதர் ஓரத்தில் காட்டெருமை வந்து நிற்பது சாதாரணம், கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். வீட்டுக்குப் போன் செய்தால் என் கணவர் தூக்கத்திலிருந்து எழுந்து, "ஊட்டுக்கு வரலையே" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். அங்கே நேரம் அறிவிப்பவர் உடனே சொல்லிவிட்டார்.

"நீல ஸ்வெட்டர் போட்ட பாப்பாங்களா? கையில குடை இருக்குதுங்க, ஆனா விரிக்காம நனைஞ்சுட்டே நின்னுச்சு. ஏம்பாப்பா குடை ரிப்பேரான்னுகூடக் கேட்டேன். மேட்டுப்பாளையம் பஸ்ஸுல ஏறிப் போச்சுங்க."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்திலிருந்த டிரைவர் ஒருவர், பர்லியாருக்குக் கீழே மண் சரிந்துவிட்டது, வண்டிகள் எல்லாம் நிற்கின்றன, ஏதோ ஒரு வண்டி மேல் மண் விழுந்ததாகச் சொல்கிறார்கள் என்றார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். யாரோ சோடா கொடுத்தார்கள். போஜன் சார் அன்றைக்குக் கையைப் பின்னால் கட்டவில்லை. ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். அவர் தோட்டத்துக் கேரட்டும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் கேரட்டும் தினமும் லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்குத்தான் இறங்கும். அந்த லாரி டிரைவர்கள் எல்லோர் நம்பரும் அவரிடம் இருந்தது. படகர் பாஷையில் சிலரிடம், தமிழில் சிலரிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: நீல ஸ்வெட்டர், கையில் குடை, விரிக்காத குடை.

கடைசியில் ஒரு டிரைவர் திருப்பிக் கூப்பிட்டார். சார் போனை என் காதில் வைத்தார்.

"ஏனுங்க, பயப்படாதீங்க. வண்டி மேல மண்ணு உழுந்ததெல்லாம் சும்மா புரளிங்க. உங்க பாப்பா இங்க பர்லியார்ல டீக்கடையில இருக்குது. பஸ் நின்னதும் எறங்கி, குடைக்குள்ள இருந்து கண்ணாடிக் குச்சி ஒண்ணை உருவுச்சுங்க. கடைக்காரரைக் கெஞ்சி அடுப்புல தண்ணி கொதிக்க வெச்சு, அதுக்குள்ள அந்தக் குச்சியை உட்டு உட்டுப் பாத்துட்டிருக்குது. டீ கேட்டு வந்தவங்க எல்லாம் சுத்தி நிக்கறாங்க. ஒருத்தருக்கும் டீ கிடைக்கல."

நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. ஒரு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மலையிலிருந்து செந்தண்ணீர் ரோட்டில் பாய்ந்துகொண்டிருந்தது. இந்த ரோட்டிலா என் பிள்ளை தனியாக இறங்கினாள் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன்.

டீக்கடையில் அவள் ஸ்வெட்டரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அம்மா! தொண்ணூத்தேழு!"

நான் கையை ஓங்கிவிட்டேன். அதுவரை அவளை அடித்ததில்லை.

போஜன் சார் நடுவில் வந்தார். "அடிக்கறதுன்னா அடிங்க. முதல்ல அந்தத் தெர்மாமீட்டரைக் கையிலிருந்து வாங்கிக்குங்க." கடைக்காரர் சிரித்துவிட்டார். என் கை இறங்கிவிட்டது, அப்படியே அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் தலைக்கு மேலாகச் சார் கேட்டார், "எத்தனை தடவை பார்த்தீங்க?"

"மூணு தடவை சார். குமிழ் அடியில தொடலை. ஸ்டூல்ல உக்காந்து நேராப் பாத்தேன்."

ஜீப்பில் அவளை என் மடியோடு அணைத்துக்கொண்டு கேட்டேன், "எதுக்குடீ சொல்லாமப் போனே?"

"சொன்னா உடுவீங்களா?" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு தானாகச் சொன்னாள். "கீழ மேட்டுப்பாளையத்துல நூறு இருக்கும், ஒரு தடவை பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல வந்துரலாம்னுதான் போனேன். பாதி வழியில பஸ் நின்னுருச்சு. இங்கயும் பாத்துட்டாப் போச்சுன்னு பாத்தேன். மேல தொண்ணூத்தி நாலு, கீழ நூறு, அவ்வளவுதான்னு நினைச்சுட்டிருந்தேம்மா. நடுவுல ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

முன் சீட்டில் இருந்த போஜன் சார் திரும்பவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் அவர் காது மட்டும் தெரிந்தது, கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் அவளைப் பள்ளிக்கு அனுப்பவே எனக்கு மனமில்லை. அவள்தான் எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். முதல் பஸ் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கியது. கையில் ஒரு குடுவையை வைத்துக்கொண்டு தடுப்போரம் நின்றேன். அவள் மேட்டுப்பாளையம் பஸ் ஏறியது ஊருக்கே தெரிந்திருந்தது, ஆனால் எங்கே இறங்கிப் பார்த்தாள், தெர்மாமீட்டர் என்ன காட்டியது என்று பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் அவளைக் கேட்டுப் பார்த்தார்கள், சார் கேட்கவில்லை. அவள் வாய் திறக்கவில்லை. இந்த மௌனமும் பழைய மௌனம்தானோ என்று எனக்குப் பக்கென்றது.

இரண்டாம் பஸ் வந்தது. ஈரச் செருப்புச் சத்தம், பெஞ்சு இழுக்கும் சத்தம். அது அடங்கியதும் தாரணியின் குரல் கேட்டது.

"சார், நான் பலகையில ஒண்ணு எழுதணும்."

அவள் பின்பக்கம் போய் எழுதும் சாக்பீஸ் சத்தம் கேட்டது, பிறகு சார் பலகையைத் திருப்பும் சத்தம். தொண்ணூற்று ஏழு. வகுப்பு கொதித்துவிட்டது. தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு என்றது ஒரு குரல். இவ சும்மா அடிச்சு விடறா என்றது இன்னொன்று. மேட்டுப்பாளையம்னா நூறுல்ல என்றார்கள். தாரணி எதையும் சொல்லவில்லை. "எந்த இடத்துல பாத்ததுன்னு நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சார் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார். ஜெயந்திதான் முதலில் பேசினாள்.

"நூறும் இல்ல, தொண்ணூத்தி நாலும் இல்ல. அப்ப இவ பாதி வழியிலதான் நின்னிருக்கணும். பர்லியாரு."

"ஆமா" என்றாள் தாரணி.

"சார்" என்று ஜெயந்தி மறுபடி ஆரம்பித்தாள், "எங்க எஸ்டேட்டு இந்த ஸ்கூலை விட இன்னும் மேல இருக்கே. அங்க எவ்வளவு இருக்கும்?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் பார்த்ததில்லை" என்றார் போஜன் சார்.

அன்று சாயங்காலம் அவர் ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார். ஜெயந்தியும் கூட நின்றாள். என்ன கேட்கப் போகிறார் என்று தெரிந்துவிட்டது, சட்டம் போட்டவரே கேட்கத் தயங்கினார். நானே பெட்டியைத் திறந்து, தெர்மாமீட்டரைப் பஞ்சில் சுற்றி, அதன் மேல் என் ஸ்கார்பைச் சுற்றி அவளிடம் கொடுத்தேன். "தம்பி கைக்கு எட்டாத இடத்துல வை கண்ணு" என்றேன்.

ஜோதி, இதில் உனக்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. உன் பையன் பஸ் ஏறிப் போகட்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். மண் சரிந்தது பர்லியாருக்குக் கீழே. கொஞ்சம் மேலே சரிந்திருந்தால், கொஞ்சம் முன்னதாகச் சரிந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். தாரணி இப்போது கீழே கல்லூரியில் படிக்கிறாள். மழை பெய்தால் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாயா என்று கேட்டு அவளுக்குப் போன் செய்கிறேன், கிளம்பவில்லை என்றால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. வகுப்பு அதற்குப் பிறகும் வேகமாகப் போகவில்லை. பத்தாவதிலும் அவள் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள், சில நாள் என்னிடம் வந்து கத்தவும் செய்தாள். கத்தியது எனக்கு நிம்மதியாக இருந்தது. பர்லியாரிலிருந்து திரும்பிய வாரமே, கோயமுத்தூருக்கு அனுப்பட்டுமா என்று அவளையே கேட்டிருந்தேன். பத்தாவது முடியட்டும்மா என்றாள், தம்பியிடம் சீட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் பையனிடமும் ஒரு தடவை கேட்டுப் பார். அவன் எதைத் தெரியும் என்கிறானோ, அதில் எதைப் பார்த்திருக்கிறான் என்று கேள். பார்க்க வேண்டும் என்றால் நீயும் கூடப் போ.

ஜெயந்தி தெர்மாமீட்டரைக் கொண்டுபோனதற்கு மறுநாள் காலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாம் பஸ் வழக்கத்தைவிடத் தாமதம். தாரணி மூன்று தடவை என் வாசலுக்கு வந்து, "இன்னும் வரலையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பிறகு சாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தூறலில் பள்ளிக் கேட்டுக்கே போய் நின்றுவிட்டாள். பஸ் வந்து நின்றதும் முதலில் ஜெயந்திதான் இறங்கினாள். அங்கே பேசிக்கொண்டதைத் தாரணி பிறகு என்னிடம் சொன்னாள்.

"எவ்வளவுடீ?"

"ஏன், உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீயே சொல்லு."

"தெரியாதுடீ. சொல்லு."

"நான் எதுக்கு உனக்கு மட்டும் சொல்லணும்? உள்ள வந்து பாரு."

இரண்டு பேரும் மைதானத்தில் ஓடி வந்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மணி அடித்ததிலிருந்து ஒரு சத்தமும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எட்டிப் பார்த்தேன். பலகையில் ஒரு எழுத்தும் இல்லை. போஜன் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார், முதல் பஸ் பிள்ளைகளெல்லாம் அவரைச் சுற்றி நின்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பாடம் ஒரு தடவைதான் நடந்தது.